காசு கொடுத்து வாங்கிய காணி

"தம்பி, நாங்கள் களவெடுக்கேல்லையே. காசு குடுத்துத்தானே வாங்கினனாங்கள்."

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் கந்தோரில் இருந்து சொன்ன வார்த்தைகள் இவை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 3 பரப்புக் காணி வாங்கி, கிணறு வெட்டி, வீட்டுக்கு அத்திவாரமும் போட்டுவிட்டார். பிறகுதான் கனடாவிலிருந்த உரிமையாளரின் சட்டத்தரணி அனுப்பிய கடிதம் கிடைத்தது. தனக்குப் பதிலாக விற்க உரிமையாளர் அதிகாரம் கொடுத்ததாக விற்றவர் காட்டிய அற்றோர்னித் தத்துவத்தில் இருந்த கையெழுத்து உரிமையாளருடையதே இல்லை.

நல்லெண்ணத்தோடு வாங்கியவரைச் சட்டம் கைவிடாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் போலிக் கையெழுத்தில் முடித்த உறுதியால், அதாவது காணிப் பத்திரத்தால், உரித்து (காணியின் சொத்துரிமை) மாறாது. அது எத்தனை கை மாறினாலும், கடைசியாக வாங்கியவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் நிலைமை அதுதான்.

"காணிக் கந்தோரில் பதிந்திருக்கே" என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பதியப்படுவது உறுதிதான், உரித்து அல்ல. உறுதியில் உள்ள குறையைப் பதிவு தீர்த்துவிடாது. பதிவு உதவுவது வேறோர் இடத்தில். உண்மையான உரிமையாளரே ஒரே காணியை இருவருக்கு விற்றால், 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை. அவர் பெறுமதி கொடுத்திருக்க வேண்டும், மோசடியோ கூட்டுச்சதியோ இருக்கக்கூடாது. ஆகவே உறுதி முடித்த கையோடு பதிவுக்குப் போனதா என்று நொத்தாரிசைக் கேளுங்கள்.

சரி, ஆசிரியருக்கு என்னதான் மிஞ்சும்? நல்லெண்ணத்தோடு காணியைத் திருத்தியவர் அதற்கு நட்டஈடு கேட்கலாம், அது கிடைக்கும்வரை காணியைப் பிடித்து வைத்திருக்கவும் உரிமை கோரலாம். சீமெந்து, கல், மேசன் கூலி எல்லாவற்றையும் பழைய கொப்பியொன்றில் திகதியோடு எழுதி, பற்றுச்சீட்டுகளையும் ஒட்டி வைத்திருந்தார். வழக்கில் அந்தக் கொப்பிதான் அவருடைய பலம். கொடுத்த விலையை விற்றவரிடம் கேட்கலாம், ஆள் அகப்பட்டால்.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சிக்கல் கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. 1995 இடப்பெயர்வோடு போன பலர் திரும்பவில்லை. "பார்த்துக்கொள்ளுங்கோ" என்று உறவினரிடம் விட்ட காணியை, 10 வருடத்துக்கு மேல் ஆண்டதால் தன்னுடையது என்று அந்த உறவினரே விற்க வருகிறார். அனுமதியோடு இருந்த காலம் எதிரிடையான ஆட்சியாகாது, அதாவது உரிமையாளரின் உரித்தை மறுத்து ஆண்ட காலமாகாது. இந்தப் பேச்சை நம்பி முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையையும் மறக்கவேண்டாம். மனைவியின் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். பங்குக் காணியென்றால் மற்றப் பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமை, அதாவது வெளியாருக்கு முந்தித் தாங்களே வாங்கும் உரிமை உண்டு, அவர்களுக்கு அறிவிக்காமல் வாங்கினால் பிறகு வழக்கு வரலாம்.

காணிக் கந்தோரில் குறைந்தது 30 வருடத் தோம்பை (காணிப் பதிவேட்டை)த் தேடிப் பாருங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் என்றால், விற்பவர் தரும் தொலைபேசி இலக்கத்தை விட்டுவிட்டு வேறு வழியில் அவரைத் தேடிப் பிடித்து, முகம் பார்த்துப் பேசுங்கள். காணிக்கும் நேரில் போங்கள். பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவது யார், தேங்காய் பிடுங்குவது யார், ஒழுங்கையால் போய் வருவது யார் என்று அயலில் கேளுங்கள்.

ஆசிரியரின் காணிக்கு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார். உரிமையாளரின் வட்ஸ்அப் இலக்கம் அவரிடம் இருந்தது. உறுதி முடிக்கும்வரை ஒருவரும் அவரிடம் போய்க் கேட்கவில்லை.