பயந்தால் விழுவார்களா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து, இப்போது காலில் பெலன் வந்துவிட்டது என்று டொக்டர் சொல்கிறார். ஆனாலும் கிணற்றடிக்குப் போகையில் விழுகிறார். யாரோ செய்வினை வைத்ததாக மாமி சொல்கிறா. அப்பாவுக்குச் சரியான பயம். பயத்தாலும் விழுவார்களா?”

விழுவார்கள். செய்வினையை விட்டுவிடுவோம். நூல் கட்டி யாருடைய கணுக்காலும் உறுதியானதில்லை.

மூளையில் இரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ ஒரு பக்கம் சோர்ந்துபோகும் என்பது தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது நிற்கும் வித்தை. நாம் ஒருபோதும் ஆடாமல் நிற்பதில்லை. உடம்பு எந்நேரமும் கொஞ்சம் முன்னும் பின்னும் சாய்கிறது, கணுக்கால் தசைகள் நமக்குத் தெரியாமலே அதை நிமிர்த்துகின்றன. பயம் வந்ததும் கெண்டைத் தசையும் முன்கால் தசையும் சேர்ந்தே இறுகிக்கொள்ளும். சுகமான இளைஞர்களை உயரமான மேடை விளிம்பில் நிறுத்திப் பார்த்தபோதும் இதுதான் நடந்தது: ஆட்டத்தின் அளவு சிறுத்தது, வேகம் கூடியது, உடம்பு சற்றே பின்னால் சாய்ந்தது. சும்மா நிற்பதற்கு இது சரி. ஈரச் சீமெந்தில் வழுக்கினால் அந்தக் கணமே ஓரடி எடுத்து வைக்க வேண்டுமே! இறுகிய கால் பிந்திவிடும்.

பயந்தவர் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கிறார். தானாக நடந்த வேலை இப்போது கவனத்தைத் தின்கிறது. 1997இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு சுவீடன் ஆய்வில், 58 முதியவர்கள் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். அந்தப் 12 பேரில் 10 பேர் அடுத்த 6 மாதங்களுக்குள் விழுந்தார்கள். ஒரு சதமும் செலவில்லாத சோதனை! விற்க மருந்து இல்லாததால்தான் இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குக் காசு வருவதில்லை என்பது என் எண்ணம்.

அப்பா வாசற்படியில் கால் வைக்கையில் குசினிக்குள்ளிருந்து “கவனம், விழப்போறீங்க!” என்று கத்தினால் பயமும் கூடும், கவனமும் சிதறும். அவர் கதிரையில் இருந்தபிறகு பேசுங்கள்.

இரவில் மருமகளை எழுப்பக் கூச்சப்பட்டு வளவுக் கோடியிலுள்ள கக்கூசுக்குத் தனியே போகிறவர்கள் உண்டு. பொல்லோடு கோயில் திருவிழாவுக்குப் போக வெட்கப்பட்டு வீட்டிலேயே முடங்குபவர்களும் உண்டு. மட்டக்களப்பில் ஆளைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வார்கள். அந்த மந்திரத்தை உண்மையில் செய்வது இந்தக் கூச்சமும் பயமும்தான். கிடந்தால் தசை கரையும், தசை கரைந்தால் பயம் இன்னும் கூடும். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. அதற்கும் சிகிச்சை உண்டு, கிளினிக்கில் கேளுங்கள்.

இன்னொரு அழகான விசயம். விரல் நுனியால் சுவரைச் சும்மா தொட்டாலே உடம்பின் ஆட்டம் குறைகிறது. பாரம் கொடுக்கத் தேவையில்லை, தோல் மூளைக்கு அனுப்பும் செய்தியே போதும். கிணற்றடி வரை கைபிடிக் கம்பி போடுங்கள். நல்ல கை போகும்போது ஒரு பக்கம், திரும்பும்போது மறுபக்கம். ஆகவே இரண்டு பக்கமும் வேண்டும்.

அப்பாவுக்குச் சோர்ந்தது இடப்பக்கமா? அப்படியானால் ஒன்றைக் கவனியுங்கள். இடப்பக்க உடம்பை இயக்குவது வலப்பக்க மூளை. அது பாதிக்கப்பட்ட சிலருக்குப் பயமே இருக்காது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்து, ஏலும் என்று எழும்பி நடப்பார்கள். அவர்களைத் தனியே விடக்கூடாது, ஒருவர் இடப்பக்கமாகக் கூடவே நடக்க வேண்டும்.