பழைய கிளட்ச் பிளேட்டைக் கேட்டு வாங்குங்கள்

போன வருடம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு டீச்சர் எங்கள் பட்டறைக்கு வந்தார். கார் வாங்கிப் பத்து மாதம், மீட்டரில் 13,000 கிலோமீட்டர். அதற்குள் ஷோரூமில் ஒரு தடவை கிளட்ச் (இன்ஜின் இழுவையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பாகம்) மாற்றி, கைக்காசு 14,000 ரூபாய் கட்டியிருக்கிறார். மாற்றி நாலு மாதத்தில் மறுபடியும் வண்டி இழுக்கவில்லை, ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது. "ஏனுங்கண்ணா, எட்டு வருசமா பழைய வண்டி ஓட்டுனனுங்க, ஒருக்கா கூட கிளட்ச் மாத்துனதில்லீங்க. இப்ப எனக்கு வண்டியே ஓட்டத் தெரியலைங்கறாங்க" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

ஷோரூமில் வேலையைக் குறித்துத் தரும் ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தேன். ஓட்டும் முறையால் கிளட்ச் தேய்மானம், வாரண்டி கிடையாது என்று ஒரே வரி. போட்டோ இல்லை, எவ்வளவு தேய்ந்தது என்ற அளவும் இல்லை. கழற்றிய பிளேட் எங்கே என்று கேட்டேன். அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாராம்.

இந்தத் தொழிலில் எனக்கு 19 வருடம். அதில் முதல் ஆறு வருடம் டீலர் ஒர்க்‌ஷாப்பில்தான் இருந்தேன், அதனால் இரண்டு பக்கமும் தெரியும். சீக்கிரம் போகிற கிளட்சில் பெரும்பாலானவை ஓட்டுகிறவரால்தான் போகின்றன, இதை மறைக்க முடியாது. பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுவது, சிக்னல் மேட்டில் பிரேக் போடாமல், பெடலைப் பாதி மட்டும் விட்டு ஹாஃப் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது, அப்புறம் அபார்ட்மென்ட் ராம்ப்பில் ரிவர்ஸ் ஏற்றுவது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இப்படி ஏறி இறங்கினால் புது பிளேட்டும் கருகிவிடும். பதமாக ஓட்டுகிறவர்களிடம் அதே கிளட்ச் 80,000, ஒரு லட்சம் வரை போவதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எப்படிப் போனது என்பதைக் கழற்றிய பிளேட்டே சொல்லிவிடும். ஹாஃப் கிளட்சில் எரிந்ததென்றால் பிளேட்டில் உரசிப் பிடிக்கிற லைனிங் இரண்டு பக்கமும் ஒரே சீராக, அதை இறுக்கிய ரிவெட் ஆணி தெரியத் தேய்ந்திருக்கும், பிளேட்டை இருபுறமும் பிடிக்கிற பிரஷர் பிளேட்டிலும் ஃப்ளைவீலிலும் நீலம் பாய்ந்த திட்டுகள், முடி மாதிரி விரிசல்கள் இருக்கும். லைனிங் கனமாகவே இருந்து மேலே எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அது எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கிற சீலின் கசிவு. நடுவிலுள்ள ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ கம்பெனிக் குறையா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நீலத் திட்டை மட்டும் காட்டி உங்கள் தலையில் பழியைப் போட்டுவிடவும் முடியாது. திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சில் சிலிண்டர் சிக்கிக்கொண்டு பிளேட்டை முழுசாகப் பிடிக்க விடாமல் வைத்திருந்தாலும் அதே நீலம்தான் வரும். அதனால்தான் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்கிறேன்.

டீச்சர் வண்டியை நான் பிரிக்கவில்லை. வாரண்டி இருக்கும்போது வெளியில் கியர்பாக்ஸை இறக்கினால் அதையே காரணம் காட்டிக் கையை விரித்துவிடுவார்கள். ராம்ப்பில் ஏற்றி அடியில் மட்டும் பார்த்தேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஈரம். விரலில் தொட்டு முகர்ந்தேன், கியர் ஆயிலுக்குரிய கந்தக நெடி இல்லை, இன்ஜின் ஆயில். போட்டோ எடுத்துக்கொண்டு, மறுநாள் அவருடன் நானும் ஷோரூமுக்குப் போனேன். ஜாப் கார்டில் அவர் கையாலேயே எழுதச் சொன்னேன்: "கழற்றும்போது நான் உடனிருக்க வேண்டும். பணம் கட்டி மாற்றும் பாகங்களை என்னிடம் தர வேண்டும்." வாரண்டியில் இலவசமாக மாற்றினால் பழைய பாகம் கம்பெனிக்குப் போய்விடும், அப்போது போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் காசு கட்டினால் அது உங்கள் பொருள்.

கியர்பாக்ஸ் இறங்கியது. ஃப்ளைவீல் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக எண்ணெய் தெறித்த கோடுகள், பிளேட் லைனிங் மேல் கருப்புக் களிம்பு. ரிவெட் தெரியவே இல்லை, அதாவது லைனிங் தேய்ந்து போகவில்லை. இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் கசிந்திருக்கிறது. ஷோரூம் சர்வீஸ் அட்வைசர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

வாரண்டி புத்தகத்தைத் திறந்து பாருங்கள், கிளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும் வாரண்டி இல்லாத தேய்மானப் பட்டியலில்தான் பெரும்பாலும் இருக்கும். அதைக் காட்டியவுடன் பலரும் பேசாமல் பணம் கட்டிவிடுகிறார்கள். ஆயில் சீல் தேய்மானப் பொருள் இல்லையே! வாரண்டியில் வருகிற பாகம் கெட்டு, அதனால் பிளேட் போயிருந்தால் பிளேட்டுக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

ஓட்டுகிறவர் மேல் பழி போடுவது இங்கே மட்டும் நடப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் தானாகக் கியர் மாறுகிற, ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் டூயல் கிளட்ச் வண்டிகள் உதறியபோது, நீங்கள் ஓட்டுகிற விதம்தான் காரணம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வந்தார்கள், குறை இருப்பது கம்பெனிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தும். 2018 ஏப்ரலில் அந்த நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

நம் ஊரில் பேசிப் பார்த்தும் நடக்கவில்லையென்றால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளில் குறை இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்புவதற்கு அந்தப் பிளேட் உங்கள் கையில் இருக்க வேண்டுமே. அதைப் பழைய இரும்போடு போட விட்டுவிட்டால், ஜாப் கார்டில் அவர்கள் எழுதிய ஒரு வரிதான் மிச்சம்.

டீச்சருக்கு சீல், பிளேட், கூலி எல்லாம் வாரண்டியிலேயே போட்டுக் கொடுத்தார்கள். முதல் தடவை கட்டிய 14,000 ரூபாயைக் கேட்டதற்கு, அந்தப் பிளேட்டில் எண்ணெய் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்றார்கள். பணம் இன்னும் வரவில்லை.