பிரிட்ஜ் ஸ்குரூவைத் திருகினால் சுருதி நிற்காது

சென்ற வாரம் கல்லூரி மாணவர் ஒருவர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் உடல்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், தந்திக்கு ஒன்றாக அவை அமரும் சிறு துண்டுகளான ஆறு சேடில்களும் நெக்கின், அதாவது கழுத்தின், பக்கமாகக் கடைசி வரை தள்ளப்பட்டு, ஸ்குரூக்களின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தன. உயரத்தைச் சரிசெய்யும் குட்டி ஸ்குரூக்களில் நான்கு, ஆலன் கீ பிடிக்காத அளவுக்கு மழுங்கிப் போயிருந்தன. “சுருதி நிக்கவே மாட்டேங்குது அண்ணா, வீடியோ பார்த்துத்தான் திருகினேன்” என்றார். சுருதி நிற்காததற்கான காரணம் பிரிட்ஜின் பக்கத்திலேயே இல்லை. நெக்கின் தலைப்பில் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் மூன்றாவது தந்தி இறுகிச் சிக்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அவர் திருகி வைத்திருந்ததை மீட்க அரை நாள் பிடித்தது. இந்த மாதத்தில் இதே கதையோடு என் பழுதுபார்க்கும் மேசைக்கு வந்த நான்காவது கிட்டார் இது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சேடிலுக்குப் பின்னால் இருக்கும் ஸ்குரூ சுருதி சேர்ப்பதற்கானது அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். ஏனென்றால், அதைத் திருகும்போது தந்தியின் சுருதி கொஞ்சம் மாறத்தான் செய்கிறது. சுருதி காட்டும் டியூனரில் முள் நகர்வதைக் கண்டவுடன் ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. வீணையைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். வீணையில் சுருதி சேர்க்கப் பிருடையைத் திருகுவார்கள்; சுவரஸ்தானம் பிசகினால் மெழுகை இளக்கி, மெட்டுகளை நகர்த்தி மேளம் கட்டுவார்கள். முன்னது அன்றாட வேலை, பின்னது கைதேர்ந்தவர் எப்போதாவது செய்யும் வேலை. கிட்டாரில் மெட்டுகள், அதாவது ஃப்ரெட்டுகள், மரத்தில் அடித்து இறக்கப்பட்டிருப்பதால் அவற்றை நகர்த்த முடியாது. அதற்குப் பதிலாகத் தந்தியின் மறுமுனையான சேடிலை நகர்த்துகிறோம். ஆகவே, சேடில் ஸ்குரூவைத் திருகுவது மேளம் கட்டுவதற்குச் சமம். கச்சேரிக்கு முன்னால் சுருதி இறங்கிவிட்டது என்பதற்காக எந்த வைணிகராவது மெழுகை இளக்குவாரா?

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தந்தி நீளம் 648 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் சேடிலை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால், 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தும் சுரத்துக்கும் எங்கும் அழுத்தாத திறந்த தந்திக்கும் இடையிலான உறவு ஏறத்தாழ 2.7 சென்ட் மாறும். ஒரு அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கே ஒரு சென்ட். இவ்வளவு நுண்ணிய திருத்தத்துக்காக வைத்திருக்கும் ஸ்குரூவை, தளர்ந்துபோன தந்தியை இழுத்துப் பிடிப்பதற்காகத் திருகுவதில் எந்தப் பயனும் இல்லை. அந்த மாணவரின் கிட்டாரில் தடித்த தந்தி திறந்த நிலையில் சரியாக ஒலித்தது, 12ஆவது ஃப்ரெட்டில் 20 சென்ட்டுக்கு மேல் ஏறி ஒலித்தது. பல சுரங்களைச் சேர்த்து அவர் வாசித்த ஒவ்வொரு கார்டும் அவருடைய காதையே குழப்பியிருக்கும்.

சரியான சோதனை இதுதான். புதுத் தந்தி போட்டு, சுருதி சேர்த்து, 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிட வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் இழுக்க வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால் விட வேண்டும், ஒவ்வொரு திருகலுக்குப் பிறகும் மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். ஆறு மாதம் வியர்வையில் ஊறிய தந்தியை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். செத்த தந்தி எந்த அளவுக்கும் கட்டுப்படாது. இதைக் கடைசியாகத்தான் செய்ய வேண்டும் என்பதையும் தயவுசெய்து மனதில் இருத்துங்கள்: முதலில் தந்தி, பிறகு நெக்கின் வளைவு, பிறகு பிரிட்ஜின் சமநிலை, அதன் பிறகு சேடிலின் உயரம் என்று எல்லாம் முடிந்த பின்னரே இன்டொனேஷனுக்கு, அதாவது இந்தச் சேடில் திருத்தத்துக்கு, வர வேண்டும். முந்தையவற்றில் ஒன்றை மாற்றினாலும் இது மாறிவிடும்.

பிரிட்ஜ் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று வருபவர்கள் அடுத்த வகை. ஃபெண்டர் நிறுவனத்தைத் தொடங்கிய லியோ ஃபெண்டர், கைப்பிடியால் பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் அமைப்பை 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு வெளியிட்டு, அதை ட்ரெமோலோ என்றே அழைத்தார். சுருதியை அசைப்பதற்கு வைப்ரேட்டோ என்பதே சரியான பெயர் என்றாலும், பெயர் நிலைத்துவிட்டதால் நாமும் அப்படியே அழைக்கிறோம். முன்பக்கம் தந்திகளும் பின்பக்கம் ஸ்பிரிங்குகளும் எதிரெதிராக இழுக்கும் தராசு அது. தந்தியின் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள்; அப்படி 9 முதல் 42 வரையிலான தந்தித் தொகுதி ஏறத்தாழ 38 கிலோ விசையோடு இழுக்கும். 10 முதல் 46 வரையிலான தொகுதி ஏறத்தாழ 47 கிலோ விசையோடு இழுக்கும். நண்பர் சொன்னார் என்று தடித்த தந்திக்கு மாறினால் பிரிட்ஜ் எழும்பத்தான் செய்யும். அது கோளாறு அல்ல. பின்பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கித் தகட்டின் இரண்டு ஸ்குரூக்களையும் அரைச் சுற்று இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறு ஸ்குரூ உள்ள பழைய பாணிப் பிரிட்ஜில் தகட்டின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையே ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர் இடைவெளி வரும் வரை இதைப் பொறுமையாகத் தொடர வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள், எழும்பிய பிரிட்ஜைக் கண்டுகொள்ளாமல் சேடில்களை மட்டும் அடிமட்டம் வரை இறக்கிவிட்டு, “எல்லா ஃப்ரெட்டும் கரகரக்குது” என்று வந்து நிற்கிறார்கள்.

இரண்டே தூண்களில் நிற்கும் பிரிட்ஜாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை உண்டு. தந்திகள் இறுகியிருக்கும்போது தூணைத் திருகி உயரத்தை மாற்றக் கூடாது. கத்திமுனை போன்ற விளிம்பு ஒன்றுதான் அந்தத் தூணில் சாய்ந்து நிற்கிறது. அவ்வளவு விசையில் உரசினால் அது மழுங்கிவிடும். மழுங்கிய பின்னர் பிரிட்ஜ் ஒருபோதும் ஒரே இடத்துக்குத் திரும்பி வராது.

ஆலன் கீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவில் செய்த ஃபெண்டர்களில் சேடில் உயர ஸ்குரூவுக்குரிய கீ 1.27 மில்லிமீட்டர், ஆசியாவில் செய்த பெரும்பாலான கிட்டார்களில் அது 1.5 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். சிறிய கீ பெரிய துளைக்குள் லொடலொடவென்று இறங்கும், ஒரு முறை திரும்பவும் செய்யும், அடுத்த முறை உள்ளே இருக்கும் ஆறு மூலைகளையும் வழித்துக்கொண்டு வெறுமனே சுழலும். கீயை உள்ளே விட்டவுடன் விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது உங்கள் கீ அல்ல.

இந்த ஊரின் உப்புக்காற்றையும் கைவியர்வையையும் நான் குறை சொல்லப் போவதில்லை. கடற்கரையை ஒட்டிய தெருக்களிலிருந்து வரும் கிட்டார்களில் அந்தக் குட்டி ஸ்குரூக்கள் ஓராண்டிலேயே துருப்பிடித்துவிடுகின்றன. ஆனால் அதற்கு வைத்தியமாக எதைத் தடவுகிறார்கள் என்று பார்த்தால், தேங்காய் எண்ணெய்! தலைக்குத் தேய்ப்பதைத் தலைக்கு மட்டும் தேயுங்கள். அது நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்து மரைகளை அடைத்துக்கொள்கிறது. துரு நீக்கும் ஸ்பிரேயை நேரே கிட்டாரின் மேல் அடிப்பதும் அதே அளவு தவறு, ஏனென்றால் அது வார்னிஷின் விளிம்பு வழியாக மரத்துக்குள் இறங்கிவிடும். தந்தியைத் தளர்த்தி, சேடிலைக் கழற்றி, ஒரு சிறு கிண்ணத்தில் துரு நீக்கியில் ஓரிரவு ஊற வைத்தால் பெரும்பாலானவை தாமாகவே இளகிவிடும். மாட்டும்போது பல்குத்தும் குச்சியின் நுனியில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு எடுத்து மரையில் தடவினால் போதும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் பிரிட்ஜைத் துடைத்து வைப்பவர்களின் கிட்டாரை நான் துருவுக்காகப் பார்த்ததே இல்லை.

கிப்சன் வகைக் கிட்டார்களின் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜில் பெரும் தொல்லை இல்லை. தந்திகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும், பதற வேண்டாம்; மறுபடி வைக்கும்போது முன்பின்னாக மாற்றி வைத்துவிடாமல் இருந்தால் சரி. உயரச் சக்கரம் திரும்பவில்லை என்று கொறடு போட்டுத் திருகாமல், தந்தியைத் தளர்த்திவிட்டு விரலாலேயே திருப்புங்கள்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் ஒரு விஷயம். பிரிட்ஜைக் கழற்றும்போது, ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பின்பக்கக் கொக்கித் தகட்டில் பற்றவைத்த ஒரு மெல்லிய ஒயரைக் காண்பீர்கள். ஃபெண்டரின் இன்னொரு வகையான டெலிகாஸ்டரில் அது பிரிட்ஜ் தகட்டுக்கு அடியில் இருக்கும். அது எர்த் ஒயர். அது அறுந்தால் ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் கிளம்பும், அறுந்ததை மறுபடி பற்றவைத்தே ஆக வேண்டும். சிலர் வேண்டுமென்றே அதை வெட்டுகிறார்கள். தந்தியைத் தொட்டால் ‘சுருக்’ என்கிறதாம். சுருக்கென்றால் கோளாறு கிட்டாரில் அல்ல, உங்கள் வீட்டு பிளக்கில் எர்த் இல்லை, அல்லது ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருக்கிறது. உடனே வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு கையில் கிட்டார் தந்தியும் உதட்டில் மைக்கும் இருக்கும்போது அந்தச் சுருக் உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கழற்றித்தான் பார்ப்பேன் என்பவர்கள், தொடுவதற்கு முன்னால் செல்போனில் நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்குரூக்களைத் திருகிய சுற்றுகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிக்கிக்கொண்டால், கழன்று விழுந்த ஸ்குரூவையும் ஸ்பிரிங்கையும் தூக்கி எறியாமல் ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கிட்டாரோடு கொண்டுவாருங்கள். அங்குல மரைக்கும் மில்லிமீட்டர் மரைக்கும் உள்ள வித்தியாசத்தை, பழைய ஸ்குரூ கையில் இருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.