பினாங்குல ரிட்டையர் ஆகப் போறீங்களா? புழுக்கம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வீடு பாருங்க

எங்க பெரிய மாமா முப்பது வருஷத்துக்கு மேல கேஎல்ல, அதாவது கோலாலம்பூர்ல, வேலை பார்த்தவரு, 60 வயசுல ரிட்டையர் ஆனதும் பினாங்குக்கே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டாரு, கடல் பக்கத்துல இருக்கணும், தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வீட்டுலேருந்தே போகணும், காலையில நடந்து போயி பசியாறணும், அவ்ளோதான் அவரோட கணக்கு. அத்தைதான் ஒத்துக்கல. போன்ல வானிலையைக் காட்டி "காலையில ஏழு மணிக்கே 95 விழுக்காடு ஈரப்பதம்னு போட்டிருக்கான், இந்த வயசுல அங்க போயி அவிஞ்சு கெடக்கணுமா"ன்னு கேட்டாங்க. கேள்வி நியாயமானது. ஆனா அந்த 95ங்கிற நம்பர்தான் நெறைய பேரைக் குழப்புது.

போன்ல வர்றது ரிலேட்டிவ் ஹியூமிடிட்டி. அதாவது அந்த சூட்டுல காத்துல எவ்ளோ நீராவி இருக்க முடியுமோ அதுல எத்தனை பங்கு இப்ப இருக்குங்கிற கணக்கு. சூடு ஏற ஏற இடம் பெருசாகும். 24 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 22 கிராம் நீராவிதான் இருக்க முடியும், 32 டிகிரியில கிட்டத்தட்ட 34 கிராம். விடியக்காலை 24 டிகிரியில அந்த 22 கிராமும் நெறைஞ்சிருந்தா 100 விழுக்காடு, அதே காத்து அதே தண்ணியோட மத்தியானம் 32 டிகிரிக்கு சூடானா 65 விழுக்காடு பக்கம் எறங்கிடும். தண்ணி ஒரு சொட்டு கூட கொறையல. ஆனா எந்த நேரம் நமக்கு கசகசன்னு இருக்கு? மத்தியானம்தான். அப்ப விழுக்காட்டை மட்டும் பார்த்து என்ன பிரயோஜனம்?

பார்க்க வேண்டியது டியூ பாயிண்ட், காத்தைக் குளிரவெச்சா எந்த டிகிரியில நீராவி தண்ணித் துளியா மாற ஆரம்பிக்கும்ங்கிற அளவு. பினாங்குல அது பெரும்பாலும் 24 டிகிரி ஒட்டியே நிக்கும், ஏன்னா மலாக்கா நீரிணை தண்ணியே வருஷம் பூரா 29, 30 டிகிரியில இருக்கு, ராவும் பகலும் ஆவியாகிக்கிட்டே இருக்கு. கேஎல்லயும் இந்த அளவு பெருசா வித்தியாசப்படாது, அதனால கேஎல்ல முப்பது வருஷம் இருந்துட்டு பினாங்கு ஈரப்பதத்துக்கு பயப்படுறதுல அர்த்தம் இல்லைன்னுதான் நான் அத்தைகிட்ட சொன்னேன்.

இப்ப உடம்புக்கு வருவோம். சும்மா உக்காந்திருக்கிற மனுஷ உடம்பு பழைய 100 வாட் பல்பு மாதிரி சூட்டை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். ஒரு லிட்டர் வேர்வை ஆவியானா சுமார் 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும், அந்தக் கணக்குல ஒரு மணி நேரத்துக்கு 150 மில்லி, ஒரு சின்ன டம்ளர் அளவு ஆவியானாலே அந்த 100 வாட்டும் போயிடும். ஆனா *ஆவியாகணும்*. சட்டை நனைஞ்சு முதுகுல வழிஞ்சு தரையில சொட்டுற வேர்வை உடம்பை ஒண்ணும் குளிர வெக்காது, தண்ணியும் உப்பும்தான் நஷ்டம். 35 டிகிரி இருக்கிற ஈரமான தோல் மேல ஒட்டியிருக்கிற காத்துல கன மீட்டருக்கு சுமார் 40 கிராம் நீராவி, சுத்தியிருக்கிற பினாங்குக் காத்துல 22 கிராம், இந்த 18 கிராம் வித்தியாசம்தான் வேர்வையை இழுக்குது. வறண்ட ஊர்ல இந்த வித்தியாசம் 30 கிராம் கூட இருக்கும். அங்க வேர்க்கிறதே தெரியாம காஞ்சிடும், இங்க தேங்கி நிக்கும், அந்தத் தேக்கத்தைத்தான் நாம புழுக்கம்னு சொல்றோம்.

வயசானவங்களுக்கு இது ஏன் முக்கியம்னா, வயசாக ஆக வேர்வை சுரக்கிறது கொறையும், தோலுக்கு ரத்தம் பாயறது கொறையும், தாகம் எடுக்கிறதே லேட்டாத்தான் தெரியும். பிரஷருக்காக தண்ணி மாத்திரை (ஒண்ணுக்கு அதிகமாப் போக வெக்கிற மாத்திரை) சாப்பிடுறவங்க இன்னும் கவனமா இருக்கணும், டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டு தண்ணி அளவை வெச்சுக்கணும், தாகம் எடுத்தா குடிப்பேன்னு உக்காந்திருக்கக் கூடாது. இதை மாமாகிட்ட நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல.

ஏர்கோன் இல்லாம அந்த 18 கிராமை நாம மாத்த முடியாது. மாத்த முடியறது காத்தோட்டம். தோல் மேல ஒட்டிக்கிட்டு நிக்கிற ஈரக்காத்தை வீசுற காத்து அள்ளிட்டுப் போகுது, வேகம் நாலு மடங்கானா ஆவியாகுறது சுமார் ரெண்டு மடங்காகும். இங்கதான் கடலோரம் ஜெயிக்குது. வெயில்ல தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவா சூடாகும், தரை மேல சூடான காத்து எழும்ப அந்த எடத்துக்கு கடல் பக்கத்துலேருந்து காத்து வரும். காலை பத்து, பதினோரு மணிக்கு மேல ஆரம்பிச்சு மத்தியானம் நல்லா வீசும், ராத்திரி திரும்பி தரையிலேருந்து கடலுக்குப் போகும். கடக்காத்து சில்லுன்னு இருக்கிறதா நெனைக்கிறோம், நம்ம கடல் சில்லுன்னே கெடையாது, காத்து அசையறதுதான் சுகம். கேஎல் கடலுக்கு முப்பது நாப்பது கிலோமீட்டர் உள்ள இருக்கு, நடுவுல அவ்ளோ கட்டடம், அந்தக் காத்து வந்து சேர்றதுக்குள்ள ஓய்ஞ்சிடும்.

பினாங்குலயே எல்லா எடமும் ஒண்ணு கெடையாது. தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா பக்கம் கடலைப் பார்த்து நிக்கிற கொண்டோவுக்கு காத்து நேரா வரும், ஆயர் ஈத்தாம் மாதிரி மலையடிவாரத்துல தடுப்பு அதிகம். ஆனா கடலைப் பார்த்த ஜன்னல் மட்டும் இருந்தா பத்தாது, காத்து உள்ள வர ஒரு வழி, வெளிய போக எதிர்ப்பக்கம் ஒரு வழி வேணும், இல்லன்னா வாசல்லயே நின்னுடும். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகள்ல உசரமான கூரை, நடுவுல திறந்த முற்றம் வெச்சதெல்லாம் சூடான காத்து மேல போயி புதுக்காத்து கீழ வர்றதுக்காகத்தான்.

ஏர்கோன் குளிர்விக்கிறதோட காத்துலேருந்து தண்ணியையும் எடுக்குது. உள்ள இருக்கிற காயில் டியூ பாயிண்டுக்குக் கீழ குளிர்ந்திருக்கும், காத்து அதுல பட்டதும் நீராவி தண்ணியாகி பைப் வழியா வெளிய சொட்டும். ரூமுக்குத் தேவைக்கு மேல பெரிய ஏர்கோன் போட்டா நல்லதுன்னு நெனைக்கிறாங்க, அது சீக்கிரமே குளிர வெச்சுட்டு நின்னுடும், ஈரம் அப்படியே இருக்கும், சில்லுன்னும் கசகசன்னும் ஒண்ணா இருக்கும்.

கடலோரத்துக்கு ஒரு தொல்லை நெஜமாவே உண்டு, அதை மறைக்க விரும்பல. சாப்பாட்டு உப்பு 75 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல காத்துலேருந்து தண்ணியை இழுத்துக்கும், ராத்திரியில உப்பு ஜாடி நசநசன்னு ஆகுறது அதனாலதான். காத்துல வர்ற கடல் உப்பு ஜன்னல் கம்பியில படிஞ்சு இதே மாதிரி ஈரத்தை இழுத்து வெச்சு துரு ஏத்திடும். மூடியே வெச்ச அலமாரியில பட்டுச்சேலை, பழைய போட்டோவெல்லாம் பூஞ்சை புடிக்கும், ரூம் ஈரத்தை 60 விழுக்காடு பக்கம் வெச்சா அது அடங்கும். கொடிமலை (பினாங்கு ஹில்) உச்சி 833 மீட்டர், கீழ இருக்கிறதைவிட சுமார் 5 டிகிரி குளிர்ச்சி, ஆனா மேகம் எறங்குற நாள்ல துணியே காயாது, போயிட்டு வர்றதுக்கு அருமை, குடியிருக்க நான் சொல்ல மாட்டேன்.

கடைசியில மாமா ரெண்டு வீடு பார்த்தாரு, ரெண்டுலயும் மத்தியானம் மூணு மணிக்கு ஏர்கோனையும் காத்தாடியையும் நிறுத்திட்டு ஜன்னலைத் திறந்து வெச்சு, ஈரத்துண்டு ஒண்ணை நல்லா பிழிஞ்சு கதவுல போட்டுப் பார்க்கச் சொன்னேன், துண்டு காயறதும் நம்ம வேர்வை காயறதும் ஒரே வேலைதானே. மலையடிவார வீட்டுல ஒண்ணரை மணி நேரம் ஆகியும் நனைஞ்சே கெடந்துச்சு. கடலைப் பார்த்த ஒம்பதாவது மாடியில அதே நேரத்துல ஓரமெல்லாம் மொறமொறன்னு காஞ்சிடுச்சு, அத்தை தொட்டுப் பார்த்துட்டு சமையல்கட்டுல அலமாரி எத்தனை இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.