சீழ் கட்டிய பல்லில் மரப்பு ஊசி ஏன் பிடிப்பதில்லை?

“ஊசி போட்டும் வலிக்குது டாக்டர்” என்று சொல்பவர் பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப்பல் வலியைப் பல நாள் பொறுத்துக்கொண்டு வந்தவராக இருப்பார். பயத்தில் சொல்கிறார் என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. அவருக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

மரப்பு ஊசியில் வழக்கமாக இருக்கும் மருந்தான லிக்னோகெயின் ஒரு வலுக்குறைந்த காரம். அப்படியே நீரில் சரியாகக் கரையாது. அதனால் ஹைட்ரோகுளோரைடு உப்பாக்கி, அமிலக் கரைசலாகக் கார்ட்ரிட்ஜில் (ஊசியில் பொருத்தும் மருந்துக் குழலில்) அடைக்கிறார்கள். மரப்பு நீடிக்கச் சேர்க்கும் அட்ரினலின் கெட்டுப்போகாமல் இருக்க இன்னும் அமிலம் வேண்டும். அது சேர்ந்த கரைசலின் பிஎச் (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.5 வரைகூட இறங்கும். மருந்து ஏறும்போது சுரீரென்று எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திசுவுக்குள் போன மருந்தில் ஒரு பங்கு மின்னூட்டத்தோடும் மறுபங்கு மின்னூட்டமின்றியும் இருக்கும். மின்னூட்டமற்றதுதான் நரம்பின் கொழுப்புச் சவ்வைத் தாண்டும். தாண்டியபின் மறுபடி மின்னூட்டம் பெற்று, வலிச் செய்தி கடக்கத் தேவையான சோடியம் வாய்க்காலை உள்ளிருந்து அடைக்கும். லிக்னோகெயினின் பிகேஏ, அதாவது இரண்டு வடிவமும் சரிபாதியாக இருக்கும் பிஎச், 7.9. நல்ல திசுவின் பிஎச் 7.4, அங்கே ஏறக்குறைய கால் பங்கு மருந்து தாண்டும் வடிவில் இருக்கும். அழற்சியால் பிஎச் 6.4க்கு இறங்கிவிட்டால் மிஞ்சுவது 3 சதவீதம்தான். அதையும் விரிந்த ரத்தக்குழாய்கள் சீக்கிரமே அள்ளிப் போய்விடும்.

ஆனால் பழியை அமிலத்தின் மேல் மட்டும் போடுவது பாதி உண்மைதான். கீழ்த்தாடை நரம்புக்கான ஊசியைப் பல்லிலிருந்து வெகு தள்ளித்தான் போடுகிறோம். அங்கே பிஎச் சரியாகவே இருக்கும். அப்படியும் பல்கூழ் (பல்லுக்குள் நரம்பு ஓடும் மென்திசு) மரக்காமல் போவதுண்டு. அழற்சி கண்ட நரம்பில் லிக்னோகெயினுக்கு எளிதில் அடங்காத சோடியம் வாய்க்கால்கள் கூடிவிடுவது இதற்கு ஒரு காரணம்.

ஆகவே உதடு மரத்ததை மட்டும் நம்பிப் பல்லில் கைவைக்கக் கூடாது. 10 முதல் 15 நிமிடம் பொறுத்து, பல்லில் குளிர்ச்சி வைத்துக் கூசுகிறதா என்று பார்க்கும் குளிர் சோதனையில் பல்லையே பார்க்க வேண்டும். கூச்சம் இருந்தால், அதே இடத்தில் அதே மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்றுவதைவிட வழியை மாற்றுவதே நல்லது: கன்னப்பக்க ஈறில் 4 சதவீத ஆர்ட்டிகெயின் (வேறொரு மரப்பு மருந்து), அல்லது பல்லைச் சுற்றிய தசைநாரில் வேருக்கு 0.2 மி.லி. வீதம் மெதுவாக, அல்லது எலும்புக்குள் ஊசி. பிகேஏ 7.6 உள்ள மெபிவகெயின் என்ற மரப்பு மருந்தில் தாண்டும் பங்கு 7.4 பிஎச்சில் 39 சதவீதம் என்பதால் அது சற்று விரைவாகப் பிடிக்கும். பத்துப் பங்கு லிக்னோகெயினோடு ஒரு பங்கு 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் கலந்தால் எரிச்சல் குறையும்; கலந்தவுடனே போட்டுவிட வேண்டும். பைகார்பனேட் கூடினால் மருந்து வீழ்படிவாகிவிடும். சீழுக்குள் நேரடியாக ஊசியை இறக்கவே கூடாது.

இத்தனை வழி இருந்தாலும் மொத்த அளவு கண்ணில் இருக்க வேண்டும். 2 சதவீத லிக்னோகெயின் 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 36 மி.கி. இருக்கிறது. கிலோவுக்கு 4.4 மி.கி. என்ற எச்சரிக்கையான வரம்பைக் கொண்டால், 20 கிலோ குழந்தைக்கு 88 மி.கி.; இரண்டரை கார்ட்ரிட்ஜுக்கும் குறைவு. காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, தலைசுற்றல் என்று மருந்து மிகுந்ததன் அறிகுறிகளை யாராவது சொன்னால் அந்தக் கணமே ஊசியை நிறுத்திவிட வேண்டும்.