மூச்சு போன குழாய்

1950களின் பிற்பகுதி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் ஆறு படுக்கைகள் கொண்ட காசநோய் வார்டு. அங்கிருந்து வெளியேறிய காற்றைக் குழாய் வழியாக மேல்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கூண்டுகளில் ஏறக்குறைய 150 கினிப் பன்றிகள். அவை நோயாளிகளின் பக்கத்தில்கூட வந்ததில்லை. அவர்கள் விட்ட காற்றைச் சுவாசித்தன, அவ்வளவுதான். மாதங்கள் போகப் போக ஒவ்வொன்றாகத் தொற்று வந்தது. அதே காற்றில் புற ஊதாக் கதிர் பாய்ச்சி அனுப்பிய இன்னொரு கூண்டில் ஒன்றுக்கும் வரவில்லை. காசநோய் காற்றில் பரவுகிறது என்பதற்கு ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ரைலியும் வில்லியம் வெல்ஸும் காட்டிய சான்று இது.

இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் சில நொடிகளில் தரைக்கு வந்துவிடும். சின்னத் துளிகளோ விழுவதற்குள் காய்ந்துவிடும். மிஞ்சும் துகளின் அளவு 1 முதல் 5 மைக்ரான். தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. லேசான காற்றசைவே அதை மணிக்கணக்கில் மிதக்கவிடும். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேரவும் அதற்கு இந்த அளவே தோது.

சரி, இதை எப்படி வெளியேற்றுவது? நுரைத் தண்ணீர் நிறைந்த வாளியைக் குழாயடியில் வைத்துத் திறந்துவிடுங்கள். ஒரு வாளி நல்ல தண்ணீர் உள்ளே போய், அவ்வளவும் வழிந்த பிறகும் சோப்பு கொஞ்சம் தங்கியிருக்கும். அறைக் காற்றும் அப்படித்தான். அறை கொள்ளும் அளவுக்குப் புதுக்காற்று ஒருமுறை வந்து கலந்தாலும், பழைய துகள்களில் சுமார் 37 சதவீதம் அங்கேயே இருக்கும். மணிக்கு 12 முறை காற்று மாறினால் 99 சதவீதத் துகள்கள் போக 23 நிமிடம். 2 முறைதான் மாறுகிறது என்றால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

சாதாரண ஸ்பிளிட் ஏசி இந்தக் கணக்கிலேயே வராது. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்து, திருப்பித் தருகிறது. ஜில்லென்று இருப்பதால் காற்று சுத்தம் என்று நமக்கு ஒரு நினைப்பு.

பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளில் அறைக் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்று அளந்து பார்த்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஜன்னல், கதவுகளைத் திறந்து வைத்தபோது காற்று மணிக்கு 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளுக்கான கணக்கு 12. அதிலும் 1950க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் உள்ள அறைகளில் 40. பிற்காலக் கட்டடங்களில் 17. 19ஆம் நூற்றாண்டில் வார்டுக்குப் பெரிய ஜன்னல் கேட்டவர்களில் பலர், நாற்றமடிக்கும் காற்றே நோய் என்று நம்பியவர்கள். காரணத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், ஜன்னலைச் சரியாக வைத்தார்கள்!

ஆனால் எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவரின் அறையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் தூசியோடு ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் வரும். நமக்கு ஒன்றும் செய்யாத அவை, எதிர்ப்புச் சக்தி இழந்தவரின் உயிருக்கே உலை வைக்கும். அங்கே நுண்துகள்களையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி வழியாக வரும் காற்றால் உள்ளழுத்தத்தைக் கூட்டி வைப்பார்கள், கதவைத் திறந்தால் காற்று வெளியே தள்ளும்படி. காசநோயாளியின் தனியறையில் இதற்கு நேர்மாறு: அழுத்தம் குறைவு, தாழ்வாரத்துக் காற்று உள்ளே போகும். கதவருகே ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே காட்டிக்கொடுத்துவிடும்.