கழிமுகமா, பொங்குமுகமா?

இங்கிலாந்தின் எசெக்ஸ் கடலோரத்தில் உள்ள பிளாக்வாட்டர் பற்றி ஒரு தமிழ்க் கட்டுரை. முதல் பத்தியில் ‘பிளாக்வாட்டர் டெல்டா’, மூன்றாம் பத்தியில் ‘பிளாக்வாட்டர் பொங்குமுகம்’. ஒரே இடம்தான். ஆங்கில மூலத்தில் இருப்பது எஸ்சுவரி (estuary). ஆவணப்படத் தமிழாக்கங்களிலும் இந்தக் கூத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

லத்தீனில் ஈஸ்டஸ் என்றால் வெப்பம், கொதிப்பு, கடல்நீர் ஏற்றம். அதிலிருந்து ஈஸ்டுவாரியம், அதிலிருந்து எஸ்சுவரி. ஆறு கடலைச் சேரும் இடத்தில் கடல்நீர் உள்ளே ஏறி இறங்கும் அகன்ற நீர்ப்பரப்பு. டெல்டா வேறு; அது ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய நிலம். ஒன்று நீர், மற்றது நிலம். இது போதும்.

நம்மிடம் கழி என்ற சொல் சங்க காலத்திலிருந்தே இருக்கிறது. நெய்தல் பாடல்களில் இருங்கழி வராத பக்கம் குறைவு. கடலின் ஓதம் ஏறி இறங்கும் உப்புநீர்ப் பரப்பு அது. அந்தக் கழி கடலைச் சேரும் பகுதி கழிமுகம். எஸ்சுவரிக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? ஆனால் யாரோ இதைத் தூக்கி டெல்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு எஸ்சுவரிக்குச் சொல் இல்லையே என்று பொங்குமுகத்தைச் செய்தார்கள். தஞ்சாவூர் விவசாயி டெல்டா என்றுதான் சொல்கிறார். அதை அப்படியே விட்டிருக்கலாம்.

பொங்குமுகம் ஏன் ஆகாது? அது லத்தீன் வேரை மொழிபெயர்க்கிறது, இடத்தை அல்ல. கடல் பொங்கும் என்று தமிழிலும் சொல்வோம், சரி. ஆனால் அது புயலுக்கும் சீற்றத்துக்கும் சொல்வது. நாளுக்கு இரண்டு தடவை சத்தமில்லாமல் ஏறி இறங்குவதற்கு ஓதம் என்று பெயர், இலங்கையில் வற்றுப்பெருக்கு. அதிலும் பாதி நேரம் வற்றுதான். பிளாக்வாட்டரின் தொல்லியலே அந்த வற்றில்தான் கிடக்கிறது. தாழ் ஓதத்தின்போது சேற்றுப்படுகையில் ஆயிரக்கணக்கான மரக்கழிகள் வரிசையாகத் தலைகாட்டுகின்றன. காலின்ஸ் கிரீக், சேல்ஸ் பாயின்ட் போன்ற இடங்களில் சாக்சன் காலத்தவர் நட்ட மீன்பிடி வேலிகள் அவை. கதிரியக்கக் கரிமக் கணிப்பு 7 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கிறது. இரண்டு வேலிகள் ஆங்கில வி எழுத்துப்போலச் சாய்ந்து வந்து கூடும். ஏறும் நீரோடு உள்ளே போன மீன், நீர் இறங்கும்போது வேலியோடு ஒதுங்கிக் கூர்முனையில் சிக்கும். எல்லாமே நீர் வற்றும்போது நடக்கிற வேலை. இதில் பொங்குவது எங்கே?

991இல் பிளாக்வாட்டர் கரையில், மால்டன் ஊருக்கருகே நடந்த சண்டையும் அப்படித்தான். கடல்வழி வந்து தாக்கிய வைக்கிங்குகள் பிளாக்வாட்டருக்குள் இருக்கும் நார்தி தீவில் இருந்தார்கள் என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆங்கிலேயர் தலைவர் பிர்ஹ்ட்நாத் எதிர்க்கரையில். நடுவில் ஓதம் ஏறியிருந்ததால் இரு படையும் மோத முடியவில்லை. நீர் இறங்கித் தரைப்பாதை தெரிந்த பிறகுதான் சண்டை. அந்தக் காலத்துப் பாடலே இப்படிச் சொல்கிறது. இதை ‘பொங்குமுகத்தில் காத்திருந்தனர்’ என்று எழுதினால், கொதிக்கிற உலைக்குப் பக்கத்தில் நின்றதுபோல் இருக்கிறது. டெல்டா என்றாலோ, ஏன் காத்திருந்தார்கள் என்பதே புரியாது.

முகத்துவாரம்? நல்ல சொல், மீனவர்கள் அன்றாடம் சொல்வது. ஆனால் அது வாசல். முகத்துவாரம் தூர்ந்துபோயிற்று என்றால் படகு வெளியே போக முடியவில்லை என்று பொருள். பிளாக்வாட்டரின் தென்கரையில், கடலைப் பார்த்தபடி, ரோமர் 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய ஒத்தோனா கோட்டை இருந்தது. அதன் மதில் வாயிலின் மேலேயே, ரோமர் செங்கல்லையும் கல்லையும் எடுத்து, 654 வாக்கில் புனித செட் ஒரு தேவாலயம் கட்டினார், இன்றும் நிற்கிறது. கோட்டையின் கிழக்குப் பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இந்தக் கோட்டையை முகத்துவாரக் கோட்டை எனலாம், தப்பில்லை. உள்ளே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மால்டனை அப்படிச் சொல்ல முடியாது. கழிமுகம் என்றால் இரண்டும் அடங்கும்.

கயவாய் என்றும் ஒரு சொல் உண்டு. பழைய சொல்தான், மறுக்கவில்லை. இன்றைக்கு எழுதினால் ஏதோ ஒரு கயவனின் வாய் என்று படிப்பார்கள்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மட்டும் திறக்கிறார்கள், கரைக்குப் போவதில்லை. அதே கட்டுரையில் அந்த மீன்பிடி வேலிகளை ‘மீன் பொறி’ என்று போட்டிருந்தது. எலிக்கு வைப்பதுதான் பொறி. யாழ்ப்பாணக் கடனீரேரியில் இன்றும் கம்பு நட்டு, இரு பக்கமும் சிறகு விரித்து, சிறகுவலை கட்டுகிறார்கள். ‘சிறகுவேலி’ என்று எழுதியிருந்தால் வடிவமும் வந்திருக்கும், வேலையும் புரிந்திருக்கும்.